எடுப்பதெல்லாம் ‘டேக்’ ஆகாது

திருகோணமலையில் நான் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் வேலை செய்யும் இளைஞர்களும் என்னிடம் படிக்க வருகிறார்கள். இரு சாராரின் கொப்பிகளிலும் சிவப்பு மையால் நான் அதிகம் வட்டமிடுவது கடினமான சொல் எதையும் அல்ல. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ‘டேக்’ என்ற வினைச்சொல்லைத்தான். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுகிறோம், தெரிந்த சொல்லுக்கு யாரும் புரட்டுவதில்லை. ‘டேக்’ என்றால் ‘எடு’ என்று சிறுவயதில் மனத்தில் பதிந்துவிட்ட பாடமே இந்தப் பிழைகளுக்கெல்லாம் ஊற்று.

அந்தப் பாடம் முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ கைவிட்டிருப்போம். பாதி இடங்களில் அது சரியாக வந்துவிடுகிறது என்பதே சிக்கல். படம் எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், பரீட்சை எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம். இவை அனைத்துக்கும் ஆங்கிலத்திலும் ‘டேக்’ பொருந்துகிறது. அந்தத் தைரியத்தில் மாணவர் அடுத்த வாக்கியத்துக்குப் போகிறார். அங்கே பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, தீபாவளிக்கு உடுப்பு எடுக்கிறார்கள், அண்ணன் மூன்று ‘ஏ’ எடுக்கிறான், மாமா நல்ல சம்பளம் எடுக்கிறார். இவற்றில் ஒன்றுக்குக்கூட ஆங்கிலத்தில் ‘டேக்’ வராது. பசிக்கு ‘ஐ ஆம் ஹங்ரி’ என்பதே போதும். வாந்திக்கு ‘வொமிட்’ என்ற சொல்லே வினையாக நிற்கும். உடுப்புக்கு ‘போட்’ என்று வாங்கியதைச் சொல்ல வேண்டும். பெறுபேற்றுக்கு ‘கொட்’, சம்பளத்துக்கு ‘ஏர்ன்’. ‘மை பிரதர் டுக் த்ரீ ஏஸ்’ என்று எழுதினால், அண்ணன் எங்கிருந்தோ மூன்று எழுத்துகளைத் தூக்கிக்கொண்டு போனதாகத்தான் வாசிப்பவருக்குத் தோன்றும்.

இதைவிடப் பாரதூரமானது தொலைபேசி. நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்த என் மாணவர் ஒருவர், அறை மாற்றம் பற்றி அறிவிப்பதற்காக வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்கு இரண்டு தடவை அழைப்பு விடுத்திருக்கிறார், பதில் கிடைக்கவில்லை. மறுநாள் நேரில் கண்டபோது ‘ஐ டுக் டூ கோல்ஸ் யெஸ்டர்டே’ என்று பணிவாகச் சொன்னார். விருந்தினர் உடனே, ‘யாரிடமிருந்து வந்தது?’ என்று கேட்டார். ‘என்னிடமிருந்து’ என்றார் மாணவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நம் பேச்சில் ‘கோல் எடுத்தேன்’ என்றால் நான் அழைத்தேன் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘டேக் அ கோல்’ என்றால் வந்த அழைப்புக்குப் பதில் பேசுவது. அதாவது பொருள் நேர் எதிர். நாம் அழைப்பதைச் சொல்ல ‘மேக் அ கோல்’ என்றோ, இன்னும் இயல்பாக ‘ஐ கோல்ட் யூ’ என்றோ சொல்ல வேண்டும். சிங்களத்திலும் ‘கோல் எகக் கன்னவா’ என்று ‘எடு’ என்னும் வினையாலேயே அழைப்பைச் சொல்வதால், இந்தப் பிழையைத் திருத்திவிட அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. தீவு முழுவதும் ஒரே பிழையை ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: தமிழில் ‘எடு’ வராத இடங்களில் ஆங்கிலம் ‘டேக்’கைக் கேட்கிறது. நாம் குளிசை போடுகிறோம், மருந்து குடிக்கிறோம். ஆகவே வைத்தியருக்கு விளக்கும்போது ‘ஐ புட் டூ டெப்லட்ஸ்’ என்ற வாக்கியம் வந்துவிடுகிறது. அதைக் கேட்பவர், குளிசைகளை எங்கே வைத்தீர்கள் என்றுதான் யோசிப்பார். குளிசை, பாணி மருந்து இரண்டுக்கும் ‘டேக்’ ஒன்றே போதும். அதேபோல, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதும், பார்சலைக் கிண்ணியாவுக்குக் கொண்டு போவதும் ஆங்கிலத்தில் ‘டேக்’தான். ‘கூட்டிக்கொண்டு’ என்பதற்கு ஈடு தேடி ‘ஐ கோல்ட் மை மதர் அண்ட் வென்ட்’ என்று எழுதுகிறவர்கள் பலர்; ‘ஐ டுக் மை மதர் டு த ஹொஸ்பிடல்’ என்று ஒரே வினையில் முடித்துவிடலாம்.

பயணத்துக்கும் நேரத்துக்கும் இதே வினை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அக்கரைக்குப் போகப் பாதையில்தான் ஏற வேண்டும். வாகனங்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கு நம் பெரியவர்கள் சொல்லும் பெயர் பாதை. அந்த நாட்களைப் பற்றித் தாத்தா சொன்னதை எழுதிய ஒரு பிள்ளை, ‘வீ வென்ட் பை பாத்’ என்று எழுதியிருந்தாள். சொல்லுக்குச் சொல் மாற்றியதில், நீரின் மேல் போனவர்கள் ஒற்றையடிப் பாதையில் நடந்து போனவர்களாகிவிட்டார்கள். ‘வீ டுக் த ஃபெரி’ என்பதே அங்கே வேண்டியது. எவ்வளவு நேரம் சென்றது என்று சொல்லும்போது, தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும் என்பதால், ‘டுக் ஒன் அவர்’ என்று வெறுமனே தொடங்கிவிடுகிறோம். ஏவல் வாக்கியத்தில் தவிர, ஆங்கில வினை எழுவாயில்லாமல் நிற்காது. ‘இட் டுக் அஸ் ஒன் அவர்’ என்று, பொருளற்றதுபோல் தோன்றும் அந்த ‘இட்’டை முன்னால் வைக்கத்தான் வேண்டும்.

படம் எடுப்பதில் ‘டேக்’ சரியென்று சொன்னேன். ஆனால் அங்கும் ஒரு குழி இருக்கிறது. தமிழில் ‘கோட்டையைப் படம் எடுத்தேன்’ என்கிறோம். மாணவர் அதை ‘ஐ டுக் த ஃபோர்ட்’ என்று சுருக்கிவிட்டால், கோட்டையைக் கைப்பற்றினேன் என்று ஆகிவிடும். ஓர் இடத்தைப் போரில் பிடிப்பதற்கு ஆங்கில வரலாற்று நூல்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வினை இதுவே. நம் ஊரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள், அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படை அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தது, பின்னர் ஒல்லாந்தரிடம் திரும்பிச் சென்ற கோட்டையை 1795இல் ஆங்கிலேயர் மறுபடியும் பிடித்தார்கள். மூன்று இடங்களிலும் ‘டுக்’ என்று எழுதலாம். பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்று மான்களோடு படம் பிடித்த மாணவர் எழுத வேண்டியது ‘ஐ டுக் அ ஃபோட்டோ ஒவ் த ஃபோர்ட்’. நடுவே உள்ள ‘அ ஃபோட்டோ ஒவ்’ விடுபட்டால் பொருளே மாறிவிடுகிறது.

பிடித்தல் என்ற இந்தப் பொருள் அச்சொல்லின் பிறப்போடு ஒட்டியது. ‘டேக்’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அல்ல. வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியில் ‘டாக்கா’ என்று இருந்து, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, அங்கே இருந்த ‘நிமன்’ என்ற பழைய வினையை மெல்ல மெல்லத் துரத்திவிட்டது. ‘நிமன்’ முற்றாக அழியவில்லை. கை மரத்துப்போவதைக் குறிக்கும் ‘நம்’ என்ற சொல் அதன் எச்சம். பிடிக்கப்பட்டது என்பதே அதன் பழைய பொருள். மாணவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். ‘எடு’வை விடப் ‘பிடி’ என்ற சொல்லே ‘டேக்’கின் உள்ளத்துக்கு நெருக்கமானது என்று அவர்கள் உணர்ந்தால் பல மரபுத்தொடர்கள் தாமாகவே பிடிபடும்.

கட்டுரைகளில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை ‘டேக் பிளேஸ்’ என்ற தொடரில். ‘திருவிழா நடத்தப்பட்டது’ என்ற நினைவோடு ‘த ஃபெஸ்டிவல் வொஸ் டேக்கன் பிளேஸ்’ என்று எழுதுகிறார்கள். இத்தொடருக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. ‘நடைபெற்றது’ என்று தமிழில் நினைத்தால் ‘டுக் பிளேஸ்’ என்பது நேராக வரும். அலுவலகக் கடிதங்களில் ‘டேக் அன் எக்ஷன்’ என்று எழுதுவதும் இதைப் போலவே வழக்கமாகிவிட்டது. நடவடிக்கை என்ற பொருளில் அச்சொல்லை எண்ணிச் சொல்வதில்லை, ஆகவே ‘அன்’ வேண்டாம். மாறாக, குளிப்பதற்கு ‘அ’ வேண்டும்: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்ததைச் சொல்பவர் ‘டேக் பாத்’ என்று நிறுத்தாமல் ‘டுக் அ பாத்’ என்று எழுத வேண்டும்.

‘டேக் இன்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ஒரு மாணவி, கரையோரத்திலிருந்து ஓடிவந்த தன் குடும்பத்துக்குப் புகலிடம் கொடுத்தவர்களைப் பற்றி எழுதியிருந்தாள்: ‘வீ வேர் டேக்கன் இன் பை அ ஸ்ட்ரேஞ்சர்’. அவள் நினைத்தது, முன்பின் தெரியாத ஒருவர் தங்களைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டார் என்பது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதே வாக்கியத்தை, முன்பின் தெரியாத ஒருவர் எங்களை ஏமாற்றினார் என்றும் வாசிக்கலாம். ஏமாற்றுதலுக்கும் அதே தொடர்தான். இலக்கணத்தில் அவளுடைய வாக்கியம் பிழையற்றது, ஆனால் அந்த மனிதரின் நன்றிக்குரிய செயலைச் சந்தேகத்தில் விட்டுவிடுகிறது. ‘அ ஸ்ட்ரேஞ்சர் டுக் அஸ் இன் அண்ட் கேவ் அஸ் ஃபூட்’ என்று, செய்தவரை எழுவாயாக்கி, உணவு கொடுத்ததையும் சேர்த்து எழுதினோம். இப்படிப்பட்ட தொடர்களுக்குத் தனியே பொருள் கிடையாது. பக்கத்துச் சொற்களே பொருளைக் காட்டிக் கொடுக்கின்றன.

வேலைக்கான விண்ணப்பங்களில் ‘டேக் அட்வாண்டேஜ் ஒவ்’ என்ற தொடர் இதே ஆபத்தோடு வருகிறது. வாய்ப்பு ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வதாக எழுதினால் அது நல்ல பொருள். மேலாளரை, ஆசிரியரை, நண்பரைப் பற்றி எழுதினால், அவருடைய நல்ல குணத்தைச் சுரண்டுவதாகப் பொருள்படும். மனிதரைப் பற்றி எழுதும்போது அத்தொடரை விட்டுவிடுங்கள். ‘லேர்ன் ஃப்ரொம்’ என்று எழுதுங்கள். ‘டேக் ஃபோர் கிராண்டட்’ என்பதும் அப்படியே: ஒரு செய்தியைப் பற்றிச் சொன்னால் ஐயமின்றி நம்புதல், தாயைப் பற்றிச் சொன்னால் அவள் அருமை உணராதிருத்தல். கடைசிச் சொல்லை ‘கிராண்ட்’ என்று வெட்டி எழுதுவோரும் உண்டு, அது தவறு.

தாயின் சாயலில் இருப்பதற்கு ‘டேக் ஆஃப்டர்’. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று நாம் சொல்வதை ஆங்கிலம் இந்த இரண்டு சொற்களில் அடக்கிவிடும். இதைப் பராமரித்தல் என்ற பொருளுடைய ‘லுக் ஆஃப்டர்’ உடன் குழப்பாதிருந்தால் போதும்.

கோணேசர் கோயிலுக்கு வெளிநாட்டவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பாதணிகளைக் கழற்றச் சொல்லும்போது ‘டேக் அவுட் யுவர் ஷூஸ்’ என்பார்கள். அது பையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்வது. உடலில் அணிந்ததைக் கழற்ற ‘டேக் ஓஃப்’. ‘டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’ என்றும் ‘டேக் யுவர் ஷூஸ் ஓஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘அவற்றை’ என்று சுட்டிச் சொல்லும்போது ‘டேக் தெம் ஓஃப்’ மட்டுமே சரி, ‘டேக் ஓஃப் தெம்’ என்பது வராது. ‘டேக் ஆஃப்டர்’ இப்படிப் பிரியாது என்பதையும் சேர்த்து மனத்தில் வையுங்கள்.

வினை வடிவங்களில் ஒரே ஒரு பிழையைச் சொல்கிறேன், ஏனெனில் அது உயர்தர மாணவரிடமும் இருக்கிறது: ‘டிட்’ வந்த பிறகு ‘டுக்’ வரக்கூடாது, ‘ஐ டிடன்ட் டேக்’ என்பதே சரி, ‘ஹாவ்’ வந்த பிறகு ‘டேக்கன்’ வேண்டும்.

இப்போது என் வகுப்பில் ஒவ்வொருவரும் கொப்பியில் ‘டேக்’குக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இடப்பக்கத்தில் அச்சொல்லோடு கூடி வரும் துணைச்சொல். வலப்பக்கத்தில் அதற்குரிய தமிழ் வினை. ‘எடு’ என்று வலப்பக்கத்தில் எழுதுவதற்கு முன், போடு, குடி, பிடி, கழற்று, கொண்டு போ, கூட்டிக்கொண்டு போ, நடைபெறு ஆகியவற்றில் எதுவும் பொருந்தாது என்று உறுதிப்படுத்த வேண்டும் என்பது ஒழுங்கு. விடுதியில் வேலை செய்யும் அந்த மாணவரின் கொப்பியில் ‘டேக் அ கோல்’ என்பதற்கு நேரே ‘வந்த அழைப்புக்குப் பதில் பேசு’ என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருக்கின்றன.