பரிணாம விளையாட்டில் ஒரே உயிரி எல்லாவற்றையும் வென்றுவிடாமல் இருக்க

பரிணாமப் பாவனை விளையாட்டை உருவாக்குபவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல், சில பத்துத் தலைமுறைகளுக்குள் திரை முழுவதும் ஒரே வகையான வேகமான உயிரி நிறைந்துவிடுவதுதான். பிழை உயிரியிடம் இல்லை; இலவசமாகக் கிடைக்கும் எந்தப் பண்பையும் இயற்கைத் தேர்வு கைவிடாது. ஆகவே ஒவ்வொரு பண்புக்கும் ஆற்றலில் ஒரு விலை வையுங்கள், அந்த விலை பண்பைவிட வேகமாக ஏறட்டும். இயக்கச் செலவை வேகத்தின் வர்க்கத்தைக் கொண்டு கணக்கிட்டால், வேகம் 10 சதவீதம் கூடும்போது 21 சதவீத ஆற்றல் கூடுதலாகச் செலவாகும். உடலளவுக்கான கணக்கை இயற்பியலே தருகிறது: நீள, அகல, உயரங்கள் இரட்டித்தால் எடை 8 மடங்காகும், அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 4 மடங்குதான் ஆகும்.

ஆனால் விலை மட்டும் வைத்தால், எல்லா உயிரிகளும் அந்த விலைக்கு ஏற்ற ஒரே சமரசத்தில் போய் நின்றுவிடும். பன்மை நிலைக்க வேண்டுமானால், அரிதாக இருப்பதே ஆதாயமாக வேண்டும். கலிபோர்னியாவில் வாழும் ஒரு சிறு பல்லியினத்தைப் பற்றி 1996-இல் வெளியான ஆய்வு இதற்கு அழகான சான்று. ஆரஞ்சுத் தொண்டை ஆண்கள் பெரிய பரப்பைப் பிடித்து நீலத் தொண்டையினரை வெல்கின்றன. நீலத்தினர் தம் துணையைக் காவல்காத்து மஞ்சளினரை விரட்டுகின்றன. மஞ்சளினரோ பெண்ணைப்போல் தோன்றி ஆரஞ்சினரின் எல்லைக்குள் நழுவி இணைசேர்கின்றன. எது பெருகினாலும் அதை வீழ்த்துவது பின்னாலேயே பெருகுவதால் மூன்றும் நிலைக்கின்றன. இதை விளையாட்டில் கொண்டுவருவது கடினமன்று: அடிக்கடி உண்ட நிறத்தையே வேட்டைவிலங்கு எளிதில் கண்டுகொள்ளும்படி ஒரு சிறு நினைவை அதற்குக் கொடுங்கள்.

வரைபடத்தையும் ஒரே சமவெளியாக விடாமல், கடப்பதற்குச் சிரமமான திட்டுகளாகப் பிரியுங்கள். இரைக்கு ஒளிய இடமில்லாவிட்டால் வேட்டைவிலங்கு அதைத் தின்றுதீர்த்துத் தானும் அழியும். அவ்வப்போது விண்கல்லை விழவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அது சலிப்பைச் சிறிதுநேரம் மறைக்குமே தவிர, விலைக்கணக்கில் உள்ள தவற்றைத் திருத்தாது.

ஆட்டக்காரரின் கைக்கும் வரம்பு தேவை. 'த்ரைவ்' என்ற பரிணாம விளையாட்டில், உயிரியை மாற்றியமைக்கச் செலவிடும் சடுதிமாற்றப் புள்ளிகள் ஒரு தலைமுறைக்கு 100 மட்டுமே கிடைப்பதால், எதை விடுவது என்பதே அங்கு முடிவாகிறது.

சோதிக்கும்போது ஆட்டக்காரர் இல்லாமலே, ஒவ்வொரு முறையும் வேறு தொடக்க எண்ணுடன் (விளையாட்டின் தற்செயல் நிகழ்வுகளைத் தீர்மானிக்கும் எண், seed), 20 முறை ஓடவிடுங்கள். பெரும்பாலான ஓட்டங்களில் ஒரே உடலமைப்பு வென்றால், அதன் மிக மலிவான பண்பைத் தேடிப் பிடித்து, அந்த ஒரு விலையை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.