‘கார்மென்’ பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி?

நான் மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். ஜோர்ஜ் பிசேயின் ‘கார்மென்’ ஒபேராவின் (பாடியே நடிக்கும் மேலைத்தேய இசைநாடகத்தின்) புதிய மேடையேற்றம் ஒன்றின் ஒளிப்பதிவை எங்கள் ஊர் வாசிகசாலையில் காட்டி, வந்தவர்களின் கருத்துகளை எழுதிக்கொண்டேன். அதே வேலையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில் கதையை முடிவு வரைக்கும் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம். கூத்து ஆடும் களரிக்கு (வட்ட அரங்குக்கு) வருகிறவர்கள் கதை தெரிந்துதான் வருகிறார்கள். கர்ணன் சாவான் என்று தெரிந்தும் விடியும்வரை இருக்கிறார்கள். மூலம் தெரியாதவருக்கு நெறியாளர் எதை மாற்றினார் என்பது பிடிபடாது. 1875 மார்ச் 3ஆம் திகதி பாரிஸில் ஒபேரா-கொமிக் அரங்கில் ‘கார்மென்’ முதன்முதலாக மேடையேறியபோது, குடும்பத்தோடு வந்து பார்க்கும் அரங்கில் கதாநாயகி கொலையுண்டு விழுவதைப் பலரால் ஏற்க முடியவில்லை. 2018இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் லியோ முஸ்காத்தோ என்ற நெறியாளர், பெண்கள் கொலையாவதை எதிர்த்து, மூலத்தில் அவளைக் கொல்லும் காதலன் தொன் ஹொசேயைக் கார்மெனே சுடுவதாக முடிவை மாற்றினார். முதல்நாள் துப்பாக்கி வெடிக்கவில்லை. அரங்கிலே எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அன்று அவள் செத்ததற்குக் கோபம், இன்று சாகாததற்குக் கோபம். இந்த இரண்டையும் காட்சிக்கு முன்பே சொல்லிவைத்தால், பார்ப்பவர்கள் தாங்கள் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

நான்கு அங்கங்களையும் ஒரே இரவில் காட்டாதீர்கள். முதல் இரண்டும் ஓர் இரவு, மற்ற இரண்டும் மறு இரவு. இடையிலே தேநீர் வேளை அவசியம். உண்மையான விமர்சனம் அப்போதுதான் வெளிவரும்.

“எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்கு “நல்லது” என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். “எந்த இடத்தில் எழுந்து போக நினைத்தீர்கள்?”, “யாருக்காக மனம் இரங்கியது?” என்று கேளுங்கள். மத்தளம் வாசிக்கும் ஒருவர், மேடைக்கு முன்னே வாத்தியக்காரர் இருக்கும் பள்ளத்தைப் பார்த்து, “வாத்தியக்காரரை ஏன் குழிக்குள் ஒளித்துவைத்தார்கள்?” என்று கேட்டார். களரியிலே ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நின்று மத்தளம் அடிப்பவருக்கு அது பெரிய குறைதான். ஒரு பெரியம்மாவுக்கு முடிவைப் பற்றிய கவலையே இல்லை. “தம்பி, அந்தப் பொடியனின் தாய் பிழைத்தாளா?” என்றார். மூன்றாம் அங்கத்தில் தாய் சாகக் கிடக்கிறாள் என்று ஹொசேயை விரும்பும் ஊர்ப்பெண் மிக்கயேலா வந்து சொல்ல, ஹொசே புறப்படுகிறான். அதன் பிறகு தாயைப் பற்றி ஒபேரா எதுவும் சொல்வதில்லை. இந்த ஒபேராவை எத்தனையோ முறை கேட்டிருந்தும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

சபையிலே கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் இருந்தால் அவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அவர் வாய் திறந்த பிறகு வேறு கருத்தை யாரும் சொல்லமாட்டார்கள். பெண்களிடம் தனியாக இருந்து பேசுவதற்குப் பெண் ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். பொறாமையால் ஒருவன் பெண்ணைக் கொல்லும் கதை இது. ஆண்கள் சூழ்ந்திருக்கும்போது பெண்கள் சொல்வது வேறு.

வெளிநாட்டுப் பார்வையாளர்களின் கருத்துகளை ஒப்பிட்டு எழுதுவதானால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே நெறியாளரும் மேடை வடிவமைப்பாளரும் பெரும்பாலும் முதல்நாளில் மட்டுமே மேடைக்கு வந்து வணங்குவார்கள். பாடகருக்குக் கைதட்டியவர்களே அடுத்த நொடி நெறியாளரைப் பார்த்துக் கூச்சலிடுவதுண்டு. ஆகவே, “மக்கள் வெறுத்தார்கள்” என்று மொத்தமாக எழுதுவது நியாயமில்லை. யாரை, எந்த நாளில் என்று பிரித்து எழுதுங்கள்.

நம் கூத்தும் இப்படி மாற்றப்பட்டதுண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து ஆட்டங்களைப் பார்த்த மூத்தவர்கள் சபையில் இருந்தால், அந்த மாற்றம் அவர்களுக்கு எப்படிப் பட்டது என்பதையும் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். பேசியவரின் வயது, முன்பு கூத்தாடியவரா, பிற்பாட்டுப் பாடியவரா என்பதையும் பக்கத்திலே குறியுங்கள். சொன்ன வார்த்தைகளைத் திருத்தாமல் அவர்கள் பேச்சிலேயே எழுதி, அடுத்த வாரம் அவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள். சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் வெட்டச் சொல்வார்கள், இரண்டையும் அப்படியே செய்யுங்கள்.