குழி தோண்டும் முன் அடிக்கட்டையைத் தேடுங்கள்

மரம் அழிந்த நிலத்தை மீட்கவேண்டும் என்று யார் வந்து கேட்டாலும், மரக்கன்று வாங்க அவசரப்படாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். நானும் கன்றுகளோடுதான் ஆரம்பித்தேன். முதல் கோடையிலேயே முக்கால்வாசி கருகிப்போனது. அதே நிலத்தில், களை என்று நான் வெட்டிப்போட்ட புதர்கள் மட்டும் ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லாமல் பச்சையாக நின்றன. உட்கார்ந்து மண்ணைக் கிளறினேன். கீழே முழங்கால் தடிமனில் ஒரு பழைய அடிக்கட்டை, வேரோடு உயிராக இருந்தது. நான் வெட்டியது புதரை அல்ல, மரத்தை.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் கண்டதும் இதைத்தான். இப்படித் துளிர்களைக் காத்தே அங்குள்ள விவசாயிகள் இருபது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சரி, செய்வது எப்படி? முதல் மழை முடிந்ததும் நிலம் முழுக்க நடந்து, துளிர்விட்ட ஒவ்வொரு கட்டைக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நடுங்கள். ஒரு கட்டையில் இருபது முப்பது துளிர்கள்கூட இருக்கும். நேராக, தடிமனாக வளர்ந்தவற்றில் மூன்று முதல் ஐந்து வரை விட்டுவிட்டு மற்றதைக் கவாத்து செய்யுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும். கையால் பிய்த்தால் பட்டை கிழிந்து, அந்தக் காயம் வழியாக அழுகல் இறங்கும். விட்ட தண்டுகளில் பாதி உயரம் வரை பக்கக் கொப்புகளையும் எடுத்துவிடுங்கள். வெட்டிய தழையை எரிக்கவேண்டாம். எரித்தால் அதிலிருக்கும் கார்பன் உடனே காற்றுக்குப் போய்விடும். கட்டையைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், மண்ணும் வளமாகும். அப்புறம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் துளிர்களைக் கழித்துவிடுங்கள். முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

கட்டையே இல்லாத இடத்தில் மட்டும், அந்த மண்ணுக்கே உரிய பலவகைக் கன்றுகளை நடுங்கள். இயற்கையான புல்வெளியில் மரம் நடவே வேண்டாம். அதன் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கிறது. சதுப்பு நிலம் என்றால் வேலையே வேறு: தண்ணீரை வடிக்க வெட்டிய வாய்க்காலை அடைக்கவேண்டும். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த தாவர மக்கு, காற்றுப் பட்டால் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும்.

மரம் பிடித்துவைக்கும் கார்பனின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த எடை 100 கிலோ உள்ள மரத்தில் ஏறக்குறைய 50 கிலோ கார்பன். ஆக்சிஜனின் எடையையும் சேர்த்தால், காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடு சுமார் 183 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வருகிறது. பல ஆண்டு வளர்ந்த அந்த மரம் 80 லிட்டர் பெட்ரோலுக்குத்தான் ஈடு. அதனால் புவி சூடாவதைத் தடுக்க, எரிபொருளைக் குறைக்காமல் மரத்தை மட்டும் நம்பமுடியாது.

மரம் எவ்வளவு வளர்கிறது என்று தெரிய, நெஞ்சு உயரத்தில், 1.3 மீட்டரில், தண்டில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, ஆண்டுதோறும் அதே இடத்தில் சுற்றளவை அளந்து எழுதிவையுங்கள்.