வராத கட்டணமும் நிலைக்காத ஆசிரியரும்: சிறிய ஊரகப் பள்ளிகளின் ஆட்சிக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா முழுவதும், பள்ளியின் நிதியையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் பெற்றோர் பெரும்பான்மைக் குழுவான ஆட்சிக்குழுவுக்குத் தேர்தல் நடந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்தத் தேர்தலில், குவாசூலு-நட்டாலின் வட கடற்கரையில், டோங்காட்டிலிருந்து ஸ்டேங்கர், டார்னல் வரையுள்ள கரும்புக் காட்டுப் பள்ளிகளிலும் புதிய பெற்றோர் பலர் பொறுப்புக்கு வந்தனர். அவர்களோடு உட்கார்ந்து வரவு செலவுத் திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் காலத்துக் குழுக்கள் செய்த பிழைகளே அதே வரிசையில் திரும்ப வருவதைக் காண்கிறேன். ரசீது எழுதாமல் பணம் வாங்கக் கூடாது, பள்ளிக்கு ஒரே வங்கிக் கணக்குதான் இருக்க வேண்டும், குழு உறுப்பினர் தன் சொந்தக் கடையிலிருந்து பள்ளிக்குப் பொருள் விற்கக் கூடாது என்பவற்றையெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆகவே அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாவட்ட அலுவலகத்திடம் பணம் கேட்பது

குவாசூலு-நட்டாலில் 12 கல்வி மாவட்டங்கள் உள்ளன. எங்கள் ஸ்டேங்கர், டார்னல் பகுதி இலெம்பே மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்ட அலுவலகமும் அதன் கீழுள்ள சர்க்யூட் அலுவலகமும் கண்காணிக்கும், அறிக்கை கேட்கும், ஆலோசனை சொல்லும். ஆனால் உங்கள் பள்ளிக்கு எடுத்துக் கொடுக்க அவற்றிடம் தனி நிதி இல்லை. ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பது மாகாணக் கல்வித் துறை. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தின் 21ஆம் பிரிவுப் பொறுப்புகளை (பாடநூல் வாங்குவது, கட்டடப் பராமரிப்பு போன்றவற்றைத் தானே நடத்துவது) பெற்ற பள்ளிக்கு அந்தப் பணம் கணக்கிலேயே வந்து சேரும். பெறாத பள்ளிக்குத் துறையே பொருளாக வாங்கி அனுப்பும். உங்கள் பள்ளி இவ்விரண்டில் எது என்பதே தெரியாமல் மனுமேல் மனு எழுதும் குழுக்கள் இன்றும் இருக்கின்றன.

அரசிதழில் வந்த தொகையை வரவாக எழுதுவது

கட்டணமில்லாப் பள்ளிகளுக்கு 2023இல் தேசிய அரசு அறிவித்த அளவு மாணவர் ஒருவருக்கு 1,602 ராண்ட். எங்கள் மாகாணம் கொடுத்ததோ 955 ராண்ட். சென்ற ஆண்டு கணக்கில் உண்மையில் விழுந்த தொகையைத்தான் எழுத வேண்டும்.

வசூலாகாத கட்டணத்தை நம்பி ஆசிரியரை நியமிப்பது

இதைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் சிறிய பள்ளிகளை இதைவிட ஆழமாகக் காயப்படுத்தும் தவறு வேறொன்றை நான் கண்டதில்லை.

இது தொடங்குவது எப்போதும் நல்ல எண்ணத்தில்தான். பள்ளிக்கு அரசு எத்தனை ஆசிரியர் பணியிடம் தரும் என்பது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சர்க்கரை ஆலை ஆள்குறைப்புச் செய்து குடும்பங்கள் டர்பன் பக்கம் நகர்ந்துவிட்டால், ஊரகப் பள்ளியில் இருபது முப்பது பிள்ளைகள் குறைவார்கள். அடுத்து ஒரு பணியிடம் போகும். அந்த ஒரே ஆசிரியர்தான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளின் கணக்கு ஆசிரியராக இருப்பார். உடனே குழு கூடி, "நாமே ஒருவரை வைத்துக்கொள்வோம்" என்று முடிவெடுக்கிறது. சட்டம் இதற்கு இடம் தருகிறது: 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவின்படி, அரசு தரும் பணியிடங்களுக்கு மேலாக ஆட்சிக்குழு தானே பணியிடம் உருவாக்கி ஆசிரியரை நியமிக்கலாம். அதே பிரிவின் 9ஆம் உட்பிரிவு, அத்தகைய பணியிடங்களின் விவரத்தையும் செலவையும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பெற்றோர் முன் வைக்க வேண்டும் என்கிறது. 10ஆம் உட்பிரிவோ, அந்த ஊழியர் தொடர்பான ஒப்பந்தப் பொறுப்பு எதற்கும் அரசு பதில் சொல்லாது என்கிறது. புதிய உறுப்பினர்கள் முதலாவதை மட்டும் படிக்கிறார்கள்.

கணக்கு எங்கே பிசகுகிறது என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, 240 பிள்ளைகள் படிக்கும் பள்ளி, ஆண்டுக் கட்டணம் 1,500 ராண்ட் என்று கொள்வோம். பெருக்கினால் 360,000 ராண்ட். மாதம் 9,000 ராண்ட் சம்பளத்தில் இரண்டு ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 216,000 ராண்ட் போனாலும் கையில் நிறையவே மிஞ்சும் என்று தாள் சொல்லும். ஆனால் அந்தப் பள்ளியில் கட்டணத்தில் பத்தில் நான்கு பங்குதான் வசூலாகும் என்றால், வருவது 144,000 ராண்ட். அதில் மின்சாரம், காவலாளி, நகலெடுக்கும் இயந்திரம் எல்லாம் போக, ஒரு ஆசிரியருக்கே முழு ஆண்டுச் சம்பளம் தேறாது. சட்டப்படி மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பள்ளி கடனோ ஓவர்டிராஃப்டோ வாங்க முடியாது. ஆகவே ஆகஸ்டில் கணக்கு காலியாகும்.

வசூல் ஏன் இவ்வளவு குறைகிறது என்பதற்கும் எங்கள் பகுதியில் ஒரு குறிப்பான காரணம் உண்டு. நாட்டின் பள்ளிகள் வறுமை அளவின்படி ஐந்து குவின்டைல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வறுமை மிகுந்த முதல் மூன்றும் கட்டணமில்லாப் பள்ளிகள். அந்த வகைப்பாடு, பள்ளி அமைந்துள்ள பகுதியின் வருமானம், வேலையின்மை, கல்வி நிலை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படுவது. முன்பு, நிறவெறி ஆட்சிக் காலத்தில், இந்தியர் கல்வித் துறையின் கீழிருந்த பள்ளிகள் பல, ஓரளவு வசதியான பழைய குடியிருப்புகளின் நடுவில் நிற்பதால், நான்காம் ஐந்தாம் குவின்டைலில் வைக்கப்பட்டன. இன்று அந்த வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உட்பகுதிக் கிராமங்களிலிருந்து பலர் சேர்ந்து பயணிக்கும் டாக்சியில் வரும் சூலு குடும்பத்துப் பிள்ளைகள். பலரின் வீட்டில் பாட்டியின் ஓய்வூதியம்தான் வருமானம். பிள்ளைக்காக அரசின் வறுமை உதவித்தொகை பெறும் பெற்றோருக்குக் கட்டணம் செலுத்துவதிலிருந்து முழு விலக்கு உண்டு. தாய் தந்தையரின் மொத்த ஆண்டு வருமானத்தில் கட்டணம் பத்தில் ஒரு பங்கை எட்டினாலும் முழு விலக்கு உண்டு. ஆக, தாளில் எழுதிய 360,000 ராண்டில் பெரும்பகுதி சட்டப்படியே கேட்க முடியாத பணம். அதைக் 'கட்டண பாக்கி' என்று எழுதி ஆண்டுதோறும் முன்னெடுத்துச் செல்வதில் பொருளே இல்லை.

கரும்புக் காட்டில் மறைந்திருக்கும் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் ஒரு இளம் கணக்கு ஆசிரியையை வாய்ப்பேச்சாக நியமித்தார்கள். ஒப்பந்தக் கடிதம் இல்லை. வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பதிவு இல்லை. முதல் பருவம் முடிந்தபோது அவர் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்க, குழுத் தலைவர் பலர் முன்னிலையில், "கவலைப்படாதீர்கள் டீச்சர், அடுத்த வருஷமும் நீங்கள்தான்" என்று சொன்னார். ஆகஸ்டில் சம்பளம் நின்றது. அவர் சில வாரங்கள் சம்பளமின்றியும் வந்து பாடம் நடத்தினார், பிறகு நின்றுவிட்டார். ஆண்டிறுதித் தேர்வு வரை ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கணிதத்தை விட்டுக் கணித எழுத்தறிவுப் பாடத்துக்கு மாறினார்கள். பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் போகும் வாசல் அன்றே அடைபட்டது. ஆசிரியை தொழிலாளர் சமரச ஆணையத்துக்குப் போனார். தலைவர் நல்ல மனத்தோடு சொன்ன அந்த ஒரு வாக்கியம், பணி புதுப்பிக்கப்படும் என்ற நியாயமான எதிர்பார்ப்பை உண்டாக்கியதாகக் கொள்ளத்தக்கது. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 186ஆம் பிரிவின்படி அத்தகைய எதிர்பார்ப்பை முறிப்பதும் பணிநீக்கமே. நியாயமற்ற பணிநீக்கத்துக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பள்ளி இறங்கி வந்து சமரசத் தொகை கொடுத்தது. அந்தத் தொகை மறு ஆண்டு நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் போயிருக்க வேண்டிய பணம். அந்த ஆசிரியையின் பக்கம் முழு நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இதே தவறு இந்த ஆண்டும் என் கண்முன் வரவு செலவுத் தாளாக வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. "நம் முன்னோர் கூலி வேலை செய்துகொண்டே பள்ளி கட்டவில்லையா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கட்டினார்கள், 1860இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலிமுறையில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் காசு சேர்த்து, சொந்தக் கையால் செங்கல் சுமந்து எழுப்பிய உதவிபெறும் பள்ளிகள் நட்டால் முழுவதும் இருந்தன. ஆனால் அவர்கள் சேர்த்த பணம் சுவருக்கும் கூரைக்கும் போனது. ஆசிரியர் சம்பளத்துக்கு அரசின் உதவித்தொகை கேட்டுப் போராடினார்கள். சுவர் ஒருமுறைச் செலவு, சம்பளம் மாதந்தோறும் வரும் செலவு என்ற வேறுபாடு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிரியாணி விற்பனையிலும் குலுக்கல் சீட்டிலும் வரும் பணத்தால் ஒரு வகுப்பறைக்கு வண்ணம் அடிக்கலாம். அதை நம்பி ஒருவரின் வாழ்வாதாரத்தை ஒப்பந்தம் செய்யக் கூடாது.

எனவே முதலில் விலக்கு விண்ணப்பங்களை நீங்களே பெற்றோரிடம் கொடுத்து, நிரப்ப உதவி, முடித்துவிடுங்கள். எஞ்சியவர்களிடமிருந்து கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையாக வசூலான தொகையின் சராசரியை மட்டும் வரவாக எழுதுங்கள். விலக்குக்கு ஈடாகப் பணம் கேட்டு மாகாணத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். அந்தப் பணம் வந்து சேரும்வரை அதை வரவில் சேர்க்காதீர்கள். ஒப்பந்தத்தின் முழுக் காலத்துக்குமான சம்பளம் முன்கூட்டியே வங்கியில் இருந்தால் மட்டும் நியமியுங்கள். இல்லையெனில், அருகிலுள்ள இன்னொரு சிறிய பள்ளியோடு பேசி, ஆளுக்குப் பாதி வாரம் என்று ஒரே ஆசிரியரைப் பகுதிநேரமாகப் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் தென்னாப்பிரிக்க ஆசிரியர் மன்றத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். தொடங்கும் நாள், முடியும் நாள், காலவரையறைக்கான காரணம் மூன்றும் கடிதத்தில் இருக்க வேண்டும். அதன்பின் புதுப்பிப்பைப் பற்றி எந்த உறுப்பினரும் தனியாக வாய் திறக்கக் கூடாது.

அரசு ஆசிரியருக்கு மேலதிகப் பணம் கொடுப்பது

சனிக்கிழமை வகுப்புக்காக இருந்தாலும், துறையின் முன் ஒப்புதல் இல்லாமல் கொடுத்தால் பள்ளிகள் சட்டத்தின் 38ஏ பிரிவின்படி அது முடிவெடுத்த உறுப்பினர்களிடமே வசூலிக்கப்படும்.

கட்டணம் கட்டாத பிள்ளையின் மதிப்பெண் அறிக்கையை நிறுத்திவைப்பது

சட்டவிரோதம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மெட்ரிக் சதவீதத்தை மட்டும் பார்ப்பது

2024இல் நாட்டின் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு) தேர்ச்சி 87.3 சதவீதம். அதே எண்ணை வைத்துத் தன் பள்ளியை அளக்கும் குழு, இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறது. 25 பேர் தேர்வெழுதும் பள்ளியில் ஒரு மாணவர் தவறினால் 4 சதவீதம் குறையும். காய்ச்சலில் படுத்த இருவரால் ஒரு பள்ளி 'சரிந்தது' ஆகிவிடும். அதைவிட முக்கியமானது, எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்தத் தேர்வு அறைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது. பலவீனமான பிள்ளைகளைப் பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளிலேயே நிறுத்திவைத்தால் சதவீதம் உயரும். சட்டப்படி தலைமையாசிரியர் ஆண்டுதோறும் தரவேண்டிய கல்வி அறிக்கையில் இந்த எண்ணிக்கையைக் கேளுங்கள். தொடக்கப் பள்ளியானால் நான்காம் வகுப்பின் வாசிப்பைக் கேளுங்கள்: 2021இன் பன்னாட்டு வாசிப்பு மதிப்பீட்டில், இந்நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதத்தினர் பொருள் புரிந்து வாசிக்கும் குறைந்தபட்ச நிலையை எட்டவில்லை. எந்தப் பாடத்தை யார் எப்படி நடத்துவது என்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. அதில் குழு தலையிடக் கூடாது. ஆனால் அந்த வகுப்புக்கு வாசிப்புப் புத்தகம் இருக்கிறதா என்பது குழுவின் வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானமாவது.

குவின்டைல் வகைப்பாட்டை அப்படியே ஏற்றுக்கொள்வது

வகைப்பாடு தவறென்றால் மறுபரிசீலனை கோரலாம். வறுமையை வருணிக்கும் நீண்ட கடிதம் உதவாது. பிள்ளைகள் வரும் ஊர்களின் பட்டியல், ஒவ்வோர் ஊரிலிருந்தும் எத்தனை பேர், உதவித்தொகை பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, விலக்கு அளித்த குழுத் தீர்மானங்களின் நகல், கடந்த ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை இணைத்து, சர்க்யூட் அலுவலகம் வழியாக மாகாணத் துறைத் தலைவருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கிக்கொள்ளுங்கள். நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் தணிக்கைக் கணக்கைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். விலக்குத் தீர்மானங்களை எழுத்தில் பதிவு செய்யாத குழுக்களால் இந்தக் கோரிக்கையை மெய்ப்பிக்கவே முடியாது. ஆகவே அந்தப் பதிவேட்டை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.