டீபக்கரா, தனி புரோகிராமரா: முதலில் எதை வாங்குவது?

மைக்ரோகன்ட்ரோலருக்கு (சாதனங்களை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர் சிப்) நிரலை நீங்களே எழுதுகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் டீபக்கர்தான். அது சிப்பில் நிரலை ஏற்றவும் செய்யும், ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி எந்த வேரியபிளில் என்ன இருக்கிறது என்று காட்டவும் செய்யும். புரோகிராமர் என்ற கருவியோ நிரலை ஏற்றி முடித்ததும் ஒதுங்கிக்கொள்ளும், அப்புறம் எல்.இ.டி.யை மினுக்கியும் சீரியலில் பிரின்ட் போட்டும் நீங்கள்தான் பிழையைத் தேட வேண்டும்.

எந்த டீபக்கர் என்பது சிப்பைப் பொறுத்தது. எஸ்டிஎம்32 (எஸ்டி நிறுவனத்தின் சிப் வரிசை) என்றால் கவலையே இல்லை. அதே நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டு ஒன்று வாங்கினால் எஸ்டி-லிங்க் என்ற டீபக்கர் அதிலேயே இருக்கிறது, பல மாடல்களில் அந்தப் பகுதியில் உள்ள இரண்டு ஜம்பர்களை (மாட்டிக் கழற்றும் சின்ன இணைப்புகள்) எடுத்துவிட்டு வேறு போர்டுக்கும் அதையே பயன்படுத்தலாம். ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டுக்கு இன்னொரு பிக்கோவே டீபக்கர் ஆகிவிடும், அதற்கான ஃபர்ம்வேரை (அதை டீபக்கராக இயக்கும் நிரல்) ஏற்றினால் போதும். ஜே-லிங்க் என்ற டீபக்கரும் அருமையான சாதனம்தான், ஆனால் விலை குறைந்த எஜு (கல்விக்கான) பதிப்பை வணிக வேலைக்குப் பயன்படுத்த உரிமம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஏமாறுவது பெரும்பாலும் ஏவிஆர் சிப் வரிசையில்தான். மலிவாகக் கிடைக்கும் யூஎஸ்பிஏஎஸ்பி வெறும் புரோகிராமர், அதை வைத்து பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) போட முடியாது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி-யை டீபக் செய்ய அட்மெல்-ஐஸ் மாதிரி டீபக்வயர் (அந்தச் சிப்பின் ஒற்றைக் கம்பி டீபக் முறை) தெரிந்த டீபக்கர் வேண்டும். அதுவும் ரீசெட் பின் வழியாகத்தான் பேசும் என்பதால், போர்டில் ரீசெட்டோடு இணைந்திருக்கும் கெப்பாசிட்டர் குறுக்கே நிற்கும், ரீசெட்-ஈஎன் என்று எழுதியிருக்கும் டிரேஸை (போர்டில் உள்ள செப்புத் தடம்) வெட்ட வேண்டிவரும். மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் சிப்புகளுக்கு பிக்கிட் என்ற கருவி ஏற்றுவது, டீபக் செய்வது என இரண்டு வேலையையும் செய்யும், எம்சிஎல்ஆர் (ரீசெட்) பின்னில் நேரடியாகப் பெரிய கெப்பாசிட்டர் போட்டுவைக்காமல் இருந்தால் சரி.

டீபக்கர் கையில் இருந்தாலும் சில விஷயங்களில் கவனம் தேவை. கார்டெக்ஸ்-எம்3-ல் (சில எஸ்டிஎம்32 சிப்புகளுக்குள் இருக்கும் பிராசசர்) நிரலின் வரிகளுக்கு 6 ஹார்டுவேர் பிரேக்பாயின்ட்தான், அதற்கு மேல் கேட்டால் சில கருவிகள் மறுக்கும், சில ஃபிளாஷையே (நிரல் இருக்கும் நினைவகம்) திருத்தி எழுதிச் சமாளிக்கும். முக்கியமாக மோட்டார் ஓட்டும் போர்டு என்றால் ஜாக்கிரதை! பிராசசர் நின்றாலும் டைமர் தன்பாட்டுக்கு ஓடும், கடைசியாகப் போட்ட பிடபிள்யூஎம் (மோட்டாரை ஓட்டும் துடிப்பு சிக்னல்) அப்படியே போய்க்கொண்டிருக்கும், கரென்டைக் கட்டுப்படுத்தும் லூப்பைக் கவனிக்க ஆள் இல்லாமல் மோட்டாரை ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட் புகைந்துவிடும். எஸ்டிஎம்32-ல் டீபக்கின்போது டைமரையும் வாட்ச்டாக்கையும் (நிரல் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் டைமர்) உறைய வைக்கத் தனி பிட்டுகள் இருக்கின்றன, பவர் கொடுப்பதற்கு முன்பே அவற்றைப் பார்த்துவிடுங்கள்.

சரி, தனி புரோகிராமர் எப்போது? நிரல் முடிந்துவிட்டது, ஒரே ஹெக்ஸ் ஃபைலை (ஏற்றத் தயாரான நிரல்) நூற்றுக்கணக்கான சிப்பில் ஏற்ற வேண்டும், ஏற்றப்போகிறவருக்கு கம்ப்யூட்டரே பழக்கமில்லை என்றால் அப்போது வாங்குங்கள். கொஞ்சமான எண்ணிக்கை என்றால் அதற்கும் முன் பிக்கிட் 4-ஐப் பாருங்கள், மைக்ரோஎஸ்டி கார்டில் நிரலைப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் இல்லாமலே பட்டனை அழுத்தி ஏற்றலாம். போர்டில் வைத்தபடி ஏற்ற வழியே இல்லாத பழைய ஏடி89சி51 போன்றவற்றுக்கு டிஎல்866 மாதிரி ஜிஃப் சாக்கெட் (சிப்பைத் தனியாக வைத்து லீவரால் பூட்டும் சாக்கெட்) உள்ள புரோகிராமர்தான் வேண்டும். ஃப்யூஸை (சிப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்டுகள்) தப்பாகப் போட்டு ரீசெட் பின்னை அணைத்துவிட்ட ஏவிஆரையும் அதில் வைத்து 12 வோல்ட் கொடுத்து மீட்கலாம், யூஎஸ்பிஏஎஸ்பியால் அது ஆகாது.

விற்பனைக்குப் போகும் போர்டு என்றாலும் டீபக் பின்களுக்குச் சின்ன பேடாவது (கம்பி இணைக்கும் செப்புப் புள்ளி) விட்டுவையுங்கள், திரும்பி வரும் போர்டைப் பார்க்க வேறு வழி இருக்காது. எஸ்டிஎம்32எஃப்4 போன்றவற்றில் ரீட் புரொடெக்ஷன் (நிரலைப் பிறர் படிக்காமல் தடுக்கும் பூட்டு) லெவல் 1 போட்டால் பிறகு எடுக்கலாம், ஃபிளாஷ் அழிந்துவிடும், அவ்வளவுதான். லெவல் 2 போட்டால் டீபக் நிரந்தரமாக மூடிக்கொள்ளும், அந்தப் பேடால் அப்புறம் பயனில்லை.