சால்ட் லேக் சிட்டியில் கையைக் கடிக்காத ஸ்கீ பயணம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டி விமான நிலையத்தில் இறங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஸ்கீ மலைகளை எண்ண ஒரு கை விரல்கள் போதாது. ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், பார்க் சிட்டி, டியர் வேலி, வடக்கே ஸ்னோபேசின். 2002 குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், 2034-இல் மறுபடி நடக்கப் போகிற ஊர். புதிதாகப் போகிறவருக்கு இத்தனை மலைகள் இருப்பதே தலைவலி. ஆனால் இங்கே பணத்தை மிச்சம் பிடிக்கிற வழியும் அதுதான்.

நான் முதல் தடவை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். அழகான படத்தைப் பார்த்து மலையடிவாரத்தில் அறை போட்டேன், பிறகு விமானம், அதன் பிறகு சறுக்குவதற்காக மலை மேலே ஏற்றிவிடும் லிஃப்டின் டிக்கெட் விலையைப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கீழே சொல்லியிருக்கும் வரிசை அதற்கப்புறம் கற்றுக்கொண்டது. வரிசையை மாற்றாதீர்கள், மற்றதை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: முதலில் வரைபடம்

எந்த ரிசார்ட் நல்லது என்று தேட ஆரம்பிக்காதீர்கள். எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். நகரத்தின் தென்கிழக்கே இரண்டு மலை இடுக்குகள் இருக்கின்றன. லிட்டில் காட்டன்வுட் கேன்யனில் ஸ்னோபேர்டும் ஆல்டாவும், பிக் காட்டன்வுட் கேன்யனில் சாலிட்யூடும் பிரைட்டனும். மலைத்தொடரின் மறுபக்கம், ஐ-80 நெடுஞ்சாலையில் போனால் பார்க் சிட்டியும் டியர் வேலியும். வடக்கே ஆக்டன் ஊர்ப்பக்கம் ஸ்னோபேசின், பவுடர் மவுன்டன்.

வரைபடத்தில் பிரைட்டனும் பார்க் சிட்டியும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் உள்ள கார்ட்ஸ்மன் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், கீழே இறங்கி நகரத்தைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று: ஆல்டாவிலும் டியர் வேலியிலும் ஸ்னோபோர்டுக்கு (இரண்டு கால்களையும் ஒரே பலகையில் மாட்டிச் சறுக்குவது) அனுமதி கிடையாது, ஸ்கீ மட்டும்தான். குழுவில் ஒருவர் ஸ்னோபோர்டுக்காரர் என்றால் இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள்.

படி 2: தேதி

கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, ஜனவரி மூன்றாம் திங்கள் விடுமுறையை ஒட்டிய வாரக்கடைசி, பிப்ரவரியில் அதிபர்கள் தினத்தை ஒட்டிய வாரக்கடைசி. இந்த மூன்றையும் தவிர்த்தால் பாதி வேலை முடிந்தது. புத்தாண்டுக் கூட்டம் கிளம்பிய பிறகு வரும் ஜனவரி வார நாட்கள் எனக்குப் பிடித்தவை. மலையில் பனி போதுமான அளவுக்குச் சேர்ந்திருக்கும், வரிசை குறைவு, அறையும் மலிவு. குளிரைத் தாங்க முடியாதவர்கள் மார்ச் கடைசி, ஏப்ரல் என்று யோசிக்கலாம். காலையில் இறுகிக் கிடக்கும் பனி மதியம் கூழாகிவிடும், ஆனால் விழுந்தால் வலிக்காது.

ஞாயிறு மாலை வந்து இறங்கி, திங்கள் முதல் வியாழன் வரை சறுக்கிவிட்டுக் கிளம்புவது நல்ல கணக்கு. சனிக்கிழமை காலையில் கேன்யன் சாலையில் ஏறுகிற கார்களின் பின்விளக்கு வரிசையை உள்ளூர்க்காரர்கள் 'சிவப்புப் பாம்பு' என்கிறார்கள். அந்தப் பாம்பின் வாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் பெயர்ப் பொருத்தம் நன்றாகப் புரியும்.

படி 3: டிக்கெட், பாஸ்

அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். கூட்டமான நாளில் பார்க் சிட்டியிலோ டியர் வேலியிலோ கவுன்ட்டரில் போய் ஒரு நாள் டிக்கெட் கேட்டால் 300 டாலரைத் தாண்டும். ஆமாம், ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. ஆகவே முதல் விதி, கவுன்ட்டரில் வாங்காதீர்கள். தேதி நெருங்க நெருங்க விலை ஏறும், இணையத்தில் முன்னாடியே வாங்கினால் குறையும்.

இரண்டாவது விஷயம், பாஸ், அதாவது பல மலைகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கும் சீட்டு. பார்க் சிட்டி எபிக் பாஸில் வருகிறது. ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட், டியர் வேலி, ஸ்னோபேசின் எல்லாம் இக்கான் பாஸ் பக்கம். முழு சீசன் பாஸ்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம், இரண்டு நிறுவனங்களும் சில நாட்களுக்கு மட்டுமான சின்ன பாஸ்களும் விற்கின்றன. கோடையிலோ இலையுதிர் காலத்திலோ வாங்கினால் நாள் கணக்கில் பார்க்கும்போது கவுன்ட்டர் விலையைவிட வெகுவாகக் குறையும். டிசம்பரில் விற்பனையை நிறுத்திவிடுவார்கள், ஜனவரியில் ஞாபகம் வந்து பயனில்லை. விலை குறைந்த வகைகளில் சில மலைகள் சேராது, விடுமுறை நாட்களில் செல்லாது என்ற நிபந்தனைகளும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் விலக்கு நாட்களின் பட்டியலை ஒரு தடவை விரல் வைத்துப் படியுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு உண்மையைச் சொல்கிறேன்: இதுவரை ஸ்கீ காலில் மாட்டியதே இல்லை என்றால் உங்களுக்கு இந்தப் பாஸ் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு நாள் நீங்கள் மலையின் அடியில், ஒரே ஒரு குட்டி லிஃப்டைச் சுற்றித்தான் இருக்கப் போகிறீர்கள். 11,000 அடி உச்சி வரை போகும் டிக்கெட்டுக்கு எதற்குக் காசு? ஸ்கீ பள்ளிகளில் முதல் முறையாளர்களுக்கென்று பாடம், வாடகைச் சாமான், தொடக்க லிஃப்டுக்கு மட்டுமான டிக்கெட் மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவதுண்டு. அதைத் தேடுங்கள். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள்.

எந்த மலையில் என்று கேட்டால், பிரைட்டன் அல்லது ஆல்டாவின் ஆல்பியன் பக்கம் என்பேன். பிரைட்டனில் எக்ஸ்ப்ளோரர் லிஃப்டும், ஆல்டாவில் சன்னிசைட் லிஃப்டும் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. சாலிட்யூடில் மூன்பீம் பக்கமும் பரவாயில்லை. ஸ்னோபேர்ட் பெயர் பெற்ற மலைதான், ஆனால் செங்குத்து அதிகம், முதல் நாளில் அங்கே போய் அழ வேண்டாம்.

படி 4: தூங்குவது கீழே

மலையில் அறை எடுக்காதீர்கள். சாண்டி, மிட்வேல், காட்டன்வுட் ஹைட்ஸ், மர்ரி என்று கேன்யன் வாய்க்குப் பக்கத்தில் உள்ள சாதாரண ஊர்களில், அலுவலக வேலையாக வருகிறவர்கள் தங்கும் சாதாரண ஓட்டல்களில் அறை எடுங்கள். காலைச் சாப்பாடு சேர்ந்திருக்கிறதா, அறையில் மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். நால்வராகப் போனால் சமையலறையுள்ள வாடகை வீடு இன்னும் லாபம்.

காசு மட்டுமே காரணம் இல்லை. கீழே தங்கினால் எந்த மலைக்கும் கட்டுப்பட்டவர் இல்லை நீங்கள். ஒரு கேன்யன் சாலை மூடியிருந்தால் இன்னொன்றுக்குப் போகலாம். நகரம் சுமார் 4,300 அடி உயரம், ஆல்டா அடிவாரமே 8,500 அடிக்கு மேல், சமதளத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தலைவலியும் தூக்கமின்மையும் வரும் உயரம் அது. தூக்கமாவது கீழே நிம்மதியாக வரட்டும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஜனவரியில் சில நாட்கள் பள்ளத்தாக்கு முழுக்கச் சாம்பல் நிறப் புகைமூட்டம் கவிந்திருக்கும், ஜன்னலைத் திறந்து பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் மேலே ஏறினால் பளீரென்று நீல வானம்.

படி 5: மேலே போவது எப்படி

யூட்டா போக்குவரத்து ஆணையத்தின் ஸ்கீ பஸ் இருக்கிறது. 972-ஆம் எண் பிக் காட்டன்வுட்டுக்கு, 994-ஆம் எண் லிட்டில் காட்டன்வுட்டுக்கு. டிராக்ஸ் என்கிற நகர ரயிலின் நீல வழித்தடத்தில் மிட்வேல் பக்கமும் சாண்டி பக்கமும் இறங்கி இவற்றைப் பிடிக்கலாம். விமான நிலையத்திலிருந்தே டிராக்ஸ் பச்சை வழித்தடம் ஓடுகிறது, நடுவில் நீலத்துக்கு மாறிக்கொள்ளலாம். அதாவது வாடகைக் காரே இல்லாமல் இந்தப் பயணத்தைச் செய்ய முடியும். பஸ் நேரங்கள் வருஷா வருஷம் மாறும், கிளம்புவதற்கு முன் ஆணையத்தின் தளத்தில் பாருங்கள், முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுங்கள். பார்க் சிட்டியில் ஊருக்குள் ஓடும் பஸ்களுக்குக் கட்டணமே இல்லை.

கார் எடுக்கத்தான் வேண்டும் என்றால் என் கதையைக் கேளுங்கள். இணையத்தில் 'பனிக்கேற்ற வண்டி' என்று போட்டிருந்ததை நம்பி முன்பதிவு செய்தேன், கவுன்ட்டரில் கிடைத்தது முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஃப்ரண்ட் வீல் டிரைவ் சின்ன கார். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு லிட்டில் காட்டன்வுட் வாயில் மின்பலகை மின்னுகிறது, போலீஸ்காரர் குனிந்து டார்ச் அடித்து டயரைப் பார்க்கிறார், நிமிர்ந்து கையை ஒரு வட்டம் சுற்றிக் காட்டுகிறார். திரும்பிப் போ. ஏற்கெனவே வாங்கிய டிக்கெட் பையிலேயே இருந்தது.

நவம்பர் முதல் தேதியிலிருந்து மே முதல் தேதி வரை இந்த இரண்டு கேன்யன்களிலும் டயர்க் கட்டுப்பாடு எந்த நாளும் அமலுக்கு வரலாம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டி என்றால் டயரில் எம் ப்ளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) முத்திரையாவது இருக்க வேண்டும். இரண்டு சக்கர இழுவை வண்டி என்றால் மலைப் படத்துக்குள் பனிப்பூ போட்ட முத்திரையுள்ள டயரோ, டயரில் மாட்டும் சங்கிலியோ வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் சங்கிலி மாட்டவே கூடாது என்று எழுதியிருக்கும். ஆகவே வண்டி நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் குனிந்து டயரைப் பாருங்கள், அந்தப் போலீஸ்காரர் பார்க்கப் போகிறதை நீங்களே பார்த்துவிடுங்கள். பார்க்கிங் முன்பதிவும் கட்டணமும் பல மலைகளில் உண்டு, வாரக்கடைசியில் கட்டாயம் சரிபாருங்கள்.

படி 6: சாமான், உடை

ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கு. ரிசார்ட் கடையைவிட நகரத்துக் கடைகளில் மலிவு, பல நாளைக்கு எடுத்தால் இன்னும் குறையும். முந்தின மாலையே எடுத்துவிடுங்கள், காலை வரிசையில் ஒரு மணி நேரம் போகாது. படி 3-இல் சொன்ன ஒரே விலைப் பாடத்தை எடுத்திருந்தால் சாமான் அதிலேயே சேர்ந்துவிடும், இரண்டு தடவை காசு கொடுக்காதீர்கள்.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. குளிருமே என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு போவோம், நானும் போட்டேன், பத்து மணிக்குள் கால் விரல்கள் மரத்துவிட்டன. இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைவதால் கால் இன்னும் சீக்கிரம் குளிரும். முழங்கால் வரை வரும் மெல்லிய சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, பூட்ஸுக்குள் பேன்ட்டின் நுனி நுழையக் கூடாது. பூட்ஸை மாட்டி நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னால் மடக்கியதும் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரிது, வெட்கப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் எடை, உயரம், அனுபவம் கேட்பார். பூட்ஸை ஸ்கீயோடு சேர்த்துப் பிடிக்கும் பிடிப்பு எந்த அழுத்தத்தில் கழன்று விடவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார், அதனால் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. தண்ணீர் புகாத பேன்ட், ஜாக்கெட்டை நண்பர்களிடம் கடன் வாங்குங்கள் அல்லது பழைய துணிக் கடைகளில் தேடுங்கள். கையுறையும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்கலாம். சன்ஸ்கிரீன் கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் மூக்குக்கு அடியில்கூடச் சுடும்.

படி 7: முதல் நாள்

நண்பர் கற்றுக்கொடுக்கிறேன் என்பார். வேண்டாம். நட்பும் கெடும், முழங்காலும் கெடும். அரை நாள் குழுப் பாடம் போதும். எடுத்தவுடன் ஸ்கீ முனைகளை முன்னால் சேர்த்து, பின்பக்கம் விரித்து நிற்கச் சொல்வார்கள், பீட்சாத் துண்டு வடிவம். அதுதான் பிரேக். சறுக்குப் பாதைகளில் போட்டிருக்கும் குறிகளில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் உங்களுக்கு இல்லை. இந்தக் குறிகள் அந்தந்த மலைக்குள் மட்டும்தான் ஒப்பீடு. ஆல்டாவின் நீலம் இன்னொரு மலையில் கறுப்பாக இருந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஒரு பர்கரும் சூப்பும் வாங்கினால் பர்ஸ் கனம் குறைவது கைக்கே தெரியும். காலையிலேயே சாண்ட்விச் கட்டி, ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது ஊற்றி எடுத்துப் போங்கள். சாக்லேட்டை உள் பாக்கெட்டில் வையுங்கள், வெளிப் பாக்கெட்டில் வைத்தால் பல்லை உடைக்கும்.

மூன்று மணிக்குப் பிறகு 'கடைசியாக ஒரு தடவை' என்று ஏறாதீர்கள். கால் தளர்ந்திருக்கும், வெளிச்சம் தட்டையாகிப் பள்ளம் மேடு தெரியாது, அப்புறம் கீழே போகிற பஸ்ஸுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள்.

விமானம் பிடிக்க வேண்டிய நாளில் லிட்டில் காட்டன்வுட் பக்கம் மட்டும் போகாதீர்கள். பெரும் பனி கொட்டினால் பனிச்சரிவு ஆபத்தால் சாலையை மூடிவிடுவார்கள், நிலைமை மோசமானால் 'இன்டர்லாட்ஜ்' என்று அறிவித்துக் கட்டடத்தை விட்டு யாரும் வெளியே வரக் கூடாது என்பார்கள். அது சில மணி நேரத்திலும் முடியலாம், நாள் கணக்கிலும் நீளலாம். உள்ளூர்க்காரர்களுக்கு அது கொண்டாட்டம், சாலை திறப்பதற்குள் மேலே இருக்கிறவர்களுக்குப் புதுப் பனி முழுக்கச் சொந்தம். மாலை ஆறு மணி விமானத்துக்கு டிக்கெட் வைத்திருக்கிற உங்களுக்கு அப்படி இருக்காது.