மணற்கல்லின் கனிமச் சிமெண்ட் எந்த வரிசையில் உருவானது, எப்போது கரைந்தது என்று கண்டறியும் முறை

சிங்கப்பூரில் மணற்கல்லைத் தொட்டுப் பார்க்க வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. லாப்ரடார் கடற்கரையிலும் செந்தோசாவிலும் ஜூரோங் பாறைத்தொகுதி வெளியே தெரிகிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ட்ரயாசிக் காலத்தில் படிந்த மணல் அது. ஆனால் அங்கு காணும் செம்பழுப்பு நிறத்தின் பெரும்பகுதி, பாறை மேலே வந்தபின் நம் மழையும் வெயிலும் உண்டாக்கிய இரும்பு ஆக்சைடு. புதைந்திருந்த காலத்தின் கதையை அறிய, துளையிட்டு எடுத்த சிதையாத பாறைத்தண்டே ஏற்றது. வனப்பகுதியில் அனுமதியின்றிக் கல்லைப் பெயர்த்தெடுக்கவும் கூடாது.

தண்டிலிருந்து வெட்டிய துண்டில், வெற்றிடங்கள் நீலமாகத் தெரியும்படி நீலநிறப் பிசினை ஊறவைத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வையுங்கள். சிமெண்டை, அதாவது மணல்மணிகளுக்கு இடையே படிந்து அவற்றை ஒட்டவைத்த கனிமத்தை, பார்க்கும் முன் அம்மணிகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். புதிதாகப் படிந்த மணலில் ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றிடம் உண்டு, மேலே பாரம் ஏற ஏற அது சுருங்கும். ஆகவே மணிகள் ஒன்றையொன்று அரிதாகவே தொட்டபடி கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தில் மிதப்பதுபோல் நின்றால், மணல் நெருங்குவதற்கு முன்பே, குறைந்த ஆழத்திலேயே, கால்சைட் இடத்தைப் பிடித்துவிட்டது என்று துணிந்து எழுதலாம். மணிகள் நெருக்கிக் கோத்துக்கொண்டு, எஞ்சிய சந்துகளில் மட்டும் சிமெண்ட் இருந்தால், அது பிற்காலத்தது.

அடுத்து, எது எதன்மேல் படிந்திருக்கிறது என்று பாருங்கள். குவார்ட்ஸ் மணியைச் சுற்றி மெல்லிய தூசுக்கோடும், அதற்கு வெளியே தட்டையான படிக முகமும் தெரிந்தால், அந்த வெளிப்பகுதி பின்னர் வளர்ந்தது; அம்முகத்தின்மேல் கால்சைட் போர்த்தியிருந்தால் குவார்ட்ஸே மூத்தது. குளோரைட் களிமண் மணியை முழுவதும் சுற்றியிருக்கும் இடத்தில் குவார்ட்ஸ் வளர இயலாது. ஆழத்தில் கிடந்தும் துளைகள் காக்கப்பட்ட சில மணற்கற்களுக்கு இந்தப் பூச்சே காரணம்.

குவார்ட்ஸ் சிமெண்ட் 70 முதல் 80 டிகிரி செல்சியசுக்குக் கீழே மிக மெதுவாகவே வளரும். கிலோமீட்டருக்கு 30 டிகிரி என்று கொண்டால், நம்மைப் போன்ற வெப்பநாட்டில் அது ஏறத்தாழ 1.4 முதல் 1.8 கிலோமீட்டர் ஆழம். குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிகா தொலைவிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. அப்பிரகமும் களிமண்ணும் குவார்ட்ஸைத் தொடும் இடங்களில் மணியே கரைந்து, பக்கத்திலேயே படிவது உண்டு. எனவே ரம்பப்பல் போன்ற கரைவுக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். கால்சைட் இதற்கு நேர்மாறு: சூடு கூடினால் அதன் கரைதிறன் குறையும். ஆழத்திலிருந்து மேலேறிக் குளிரும் நீர் குவார்ட்ஸைப் படியவைத்துக்கொண்டே கால்சைட்டைக் கரைக்கக்கூடும் என்பது, இந்தத் துறையில் என்னை இன்றும் வியக்கவைக்கும் செய்தி.

கரைவின் தடயங்களில்தான் கவனம் மிக வேண்டும். தேன்கூடுபோல் அரிக்கப்பட்ட ஃபெல்ட்ஸ்பார் கனிம மணி, சுற்றியுள்ள மணிகளைவிடப் பெரிய துளை, உள்ளே மணி இல்லாத களிமண் வளையம் ஆகியவை நம்பத்தக்கவை. துளையில் நீலப் பிசின் இல்லையென்றால், அது தேய்க்கும்போது மணி பெயர்ந்த இடமாக இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபெல்ட்ஸ்பார் கரைந்த இடத்தருகே கயோலினைட் என்னும் களிமண் கனிமம் குவிந்திருந்தால், துளைவெளி பெருகிவிட்டதென்று எழுத வேண்டாம், அதன் பெரும்பகுதி இடம்தான் மாறியிருக்கிறது. ஏறத்தாழ 120, 130 டிகிரிக்கு மேல் கயோலினைட்டும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து, இல்லைட் என்னும் இழையிழையான களிமண் கனிமம் ஆகும். அவ்விழைகள் துளைகளை அடைக்காமலே நீரோட்டத்தைத் தடுத்துவிடும்.

இறுதியாக, ஒரே தண்டின் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த துண்டுகளை ஒப்பிடுங்கள். ஃபெல்ட்ஸ்பார் துளைகள் கீழே செல்லச் செல்லக் குறைந்து மறைந்தால், அது புதைவுக் காலக் கரைவு அன்று, மேலிருந்து ஊறிய மழைநீரின் வேலை. அதை வரிசையின் கடைசியில் எழுதுங்கள்.